முகம் கறுத்தால், கண்ணாடி வேர்த்தால்: தோட்டப்புறத்தில் படம் எடுப்பவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல வருடங்கள் ஆகின்றன. ஊர்க்காரர்கள் வாயில் அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் தோட்டம். மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில், 1917இல், செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் இருக்கிறது. வார நாட்களில் எனக்கு வேறு வேலை. சனி, ஞாயிறு வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), கோவில், ஆற்றங்கரை, கோல சிலாங்கூர் மலை என்று சுற்றுவேன்.

இதே ஆர்வம் உள்ள தம்பி தங்கைகள் அவ்வப்போது படத்தை அனுப்பி, “அண்ணே, கேமரா கெட்டுப்போச்சா?” என்று கேட்பார்கள். பெரும்பாலும் கேமராவில் ஒரு கோளாறும் இருக்காது. நம் ஊர் ஈரம், நம் ஊர் உச்சி வெயில், நம் ஆட்களின் தோல் நிறம் ஆகிய மூன்றும் கேமராவுக்குத் தானாகப் புரிவதில்லை. நாம்தான் சொல்லித்தர வேண்டும். புது லென்ஸுக்குக் காசு சேர்ப்பதற்கு முன் இதைப் படித்துப் பாருங்கள். உங்கள் படத்தில் தெரியும் குறை எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போகலாம்.

அதற்கும் முன்னால் ஒரு நிமிடச் சோதனை. நேற்று இரவு கோவிலில் வைத்த ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 6400 இன்று காலை வெயிலிலும் அப்படியே இருக்கும். ஐஎஸ்ஓ, ஒளித் திருத்தம் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/− அமைப்பு), வெள்ளைச் சமன் (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) ஆகிய மூன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸைச் சாய்த்து, வெளிச்சத்தில் விரல் ரேகை இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசி என்றால் இது இன்னும் முக்கியம். சட்டைப்பையிலிருந்து எடுத்த கைப்பேசியின் லென்ஸில் வேர்வை இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. “படம் மங்கலா இருக்கு” என்று வரும் புகார்களில் பல இந்தத் துடைப்போடு தீர்ந்துவிடும்.

காலையில் வீட்டைவிட்டு வெளியே வந்ததும் படம் புகைமூட்டமாகத் தெரிகிறது

வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில், விடிவதற்கு முன், லயத்துப் பக்கம் ஒரு வெளிச்சம் இருக்கும். அதைப் பிடிக்கத்தான் ஓடுவோம். வண்டியை நிறுத்தி, பையைத் திறந்து, கேமராவைக் கண்ணில் வைத்தால் ஒரே வெள்ளை. லென்ஸ் வேர்த்திருக்கும்.

இரவெல்லாம் ஏர்கோன் அறையில் கிடந்த கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. வெளியே காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்புறம் எப்படி வேர்க்கிறதோ அப்படித்தான் இதுவும். துணியால் துடைத்தால் அடுத்த நொடியே மறுபடி படியும். துடைக்கத் துடைக்க மேல்பூச்சில் கீறல்தான் மிஞ்சும்.

செய்ய வேண்டியது மிகச் சுலபம். முந்தைய இரவே கேமராப் பையை ஏர்கோன் இல்லாத ஹாலில் வைத்துவிடுங்கள். காரில் போகும்போது ஏர்கோன் காற்று நேரே படும் இருக்கையில் வைக்காமல், பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் வையுங்கள். மறந்துபோய் குளிர்ந்த கேமராவோடு போய்விட்டால், பையைத் திறக்காமல் 20 முதல் 30 நிமிடம் வெளியே காத்திருங்கள். அறையைவிட்டுக் கிளம்பும் முன்பே கேமராவைக் காற்றுப்புகாத ஜிப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தால் ஈரம் பையின் மேல்தான் படியும், கண்ணாடியில் படியாது. வேர்த்திருக்கும்போது லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள். உள்ளே போன ஈரத்தைத் துடைக்க முடியாது, அடுத்த தொல்லை அங்கிருந்துதான் தொடங்கும்.

லென்ஸுக்குள் நூலாம்படை மாதிரி தெரிகிறது

பூஞ்சணம். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சின்ன டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். பூஞ்சணம் கிளை விட்ட நூலாகத் தெரியும். ஆரம்பத்தில் படத்தில் ஒன்றும் தெரியாது. சூரியனுக்கு எதிராக எடுக்கும்போது மட்டும் படம் பால் கலந்தது போல் வெளுக்கும். அதைப் பார்த்து லென்ஸே மட்டம் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

லேசாக இருந்தால், பழுது பார்க்கும் கடையில் பிரித்துச் சுத்தம் செய்து தருவார்கள். முற்றிவிட்டால் அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அந்தத் தடம் போகாது. வெயிலில் காய வைத்தால் சரியாகும் என்று சொல்வார்கள். வளர்ச்சி நிற்கலாம், அரித்த இடம் திரும்பாது.

வராமல் தடுப்பதுதான் வழி. மின்சார டிரை கேபினட் இருந்தால் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். அதற்கு வசதி இல்லை என்றால், இறுக்கமாக மூடும் பெரிய பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி, இவ்வளவு போதும். நான் பல வருடம் அப்படித்தான் சமாளித்தேன். ஜெல்லின் நிறம் மாறியதும் வறுத்துக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். அரிசி வேண்டாம், அதன் மாவுத்தூள் லென்ஸின் வளையத்துக்குள் போய்விடும். கேமராவோடு வரும் தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டிவிடுவது இருப்பதிலேயே மோசமான பழக்கம். தோலும் துணியும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

முகம் கறுத்துப்போகிறது, அல்லது சாம்பல் பூசியது போல் வெளுக்கிறது

இந்த ஒன்றைத்தான் நான் விரிவாக எழுத வேண்டும். நம் ஆட்களை நம் ஆட்களாகவே படத்தில் கொண்டுவருவது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பது எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளையைக் காட்டினால் இருட்டாக்கும், கறுப்பைக் காட்டினால் வெளுக்க வைக்கும். அதனால் ஒரே பாட்டியை ஒரே லயத்தில் எடுக்கும்போது இரண்டு எதிரெதிரான பிழைகள் வரும்.

முதலாவது, பாட்டி வாசலில் நிற்கிறார், பின்னால் வெள்ளை வானம். கேமரா வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கரியாகும். ஒளித் திருத்தத்தைக் கூட்டுங்கள்: +1இல் தொடங்கி, போதாவிட்டால் +1.7 வரை. கைப்பேசியில் முகத்தின் மேல் தட்டி, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். வானம் வெளுத்துப்போனால் போகட்டும். வானத்தையா படம் எடுக்க வந்தோம்?

இரண்டாவது, பாட்டி கதவோரம் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் இருட்டு வீடு, முகம் படத்தை நிறைக்கிறது. இப்போது கேமரா எல்லாம் இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டும். கறுத்த முகத்தின் ஆழம் போய், திருநீறு பூசினது போல் தட்டையாக வரும். இங்கே குறைக்க வேண்டும்: −0.7. கன்னத்து மினுமினுப்பும் நெற்றிச் சுருக்கமும் அப்போதுதான் திரும்ப வரும். கறுத்த முகம் என்றாலே வெளிச்சத்தைக் கூட்டு என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். அதை அப்படியே பின்பற்றாதீர்கள். பின்னணி என்ன என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பள்ளிச் சீருடைக் கூட்டத்தில் தொல்லை வேறு. வெள்ளைச் சட்டைகள் சேர்ந்து கேமராவை ஏமாற்றும். முகத்துக்குச் சரியாக வையுங்கள். ரா கோப்பில் (கேமரா திருத்தாமல் பதியும் கோப்பு) எடுத்தால் சட்டையின் வெளுப்பை வீட்டில் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். இருட்டாக எடுத்த கறுப்பு முகத்தை வீட்டில் தூக்க முயன்றால் குருணை குருணையாகி, தோல் சேற்று நிறத்துக்குப் போய்விடும்.

அடுத்தது, கைப்பேசியில் அழகூட்டும் வசதி. பல கைப்பேசிகளில் வாங்கும்போதே அது வேலை செய்துகொண்டிருக்கும். அதை அணைத்துவிடுங்கள். நான் முதன்முதலாக எங்கள் லயத்துப் பாட்டி ஒருவரைக் கைப்பேசியில் எடுத்து, அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “நல்லா இருக்குப்பா. என் கன்னத்து மச்சம் எங்க?” என்று கேட்டார். மென்மையாக்கும் வசதி மச்சத்தைத் துடைத்திருந்தது, நிறத்தையும் இரண்டு படி ஏற்றியிருந்தது. அன்றைக்கு அவரிடம் எனக்குப் பதில் இல்லை. அடுத்த வாரமே திரும்பப் போய் எடுத்தேன்.

வெளிச்சம் எங்கே நல்லது என்றால், பழைய லயங்களின் அஞ்சடியில், அதாவது வீட்டு முன் நடையில். கூரை நிழல் முடியும் இடத்துக்கு ஒரு முழம் உள்ளே ஸ்டூல் போட்டு, முகம் வெளியே பார்க்கும்படி உட்காரவையுங்கள். எதிரே இருக்கும் சிமெண்டுத் தரையில் பட்ட வெயில் கீழிருந்து முகத்தில் ஏறும், கண்குழி நிரம்பும். ஃபிளாஷ் வேண்டாம். நேரே அடிக்கும் ஃபிளாஷ் எண்ணெய் தடவிய முகத்தில் வெள்ளைத் திட்டுகளாக விழும். வீட்டுக்குள் எடுத்தால் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, கதவு வெளிச்சம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி நீலம், மறு பாதி பச்சை.

செம்பனை நிழலில் எடுத்தால் முகத்தில் பச்சை ஏறுகிறது

மட்டை வழியாக வடிந்து வரும் வெளிச்சமே பச்சை. வெள்ளைச் சமனைத் தானியங்கியிலிருந்து நிழல் அல்லது மேகமூட்டத்துக்கு மாற்றினால் சூடு ஏறும். மீதிப் பச்சையை வீட்டில் மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளிச் சரிசெய்யலாம். அதைவிட நல்லது, ஆளைத் தோட்டத்துச் சாலையின் நடுவுக்கு நகர்த்துவது. மேலே வானம் திறந்திருக்கும், கீழே வெளிறிய கல்ரோடு இருக்கும். நகர்த்த முடியாவிட்டால், மார்பு உயரத்தில் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீலத் தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் நடக்கும் கல்யாண வீட்டுப் படங்களுக்கும் இதே வைத்தியம்தான், பச்சைக்குப் பதில் நீலம், அவ்வளவே.

கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழி

மதிய வெயில். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று டிகிரி சொச்சத்தில் இருக்கிறோம். எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1.15 வாக்கில். மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் அது கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும். கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது. அந்த நேரத்தில் புருவ எலும்பின் நிழல் கண்ணை விழுங்கிவிடும்.

11 மணி முதல் 4 மணி வரை வெட்டவெளியில் முகம் எடுப்பதை விட்டுவிடுங்கள். முடிதிருத்தும் கடை, மளிகைக் கடை, கோவில் மண்டபம் என்று உள்ளே போய்விடலாம். மாலையில் பொன் வெளிச்சம் வரும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று: இங்கே சூரியன் மறைவது வருடம் முழுக்க 7 மணிக்கும் 7.30க்கும் நடுவேதான், மறைந்த அரை மணிக்குள் இருட்டிவிடும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை அதையும் பறித்துக்கொள்ளும். அதனால் நான் காலைக்கே போகிறேன்.

புகைமூட்டக் காலத்தில் நிறமும் நிழலும் போய்விடும். 2015, 2019 மாதிரி வருடங்களில் வாரக்கணக்கில் அப்படி இருந்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே போகாதீர்கள், படம் காத்திருக்கும்.

கோவில் திருவிழாப் படத்தில் கோடு கோடாக விழுகிறது

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சத்தமில்லாமல் எடுக்கலாம் என்று மின்னணு ஷட்டரில் வைத்திருந்தால், படத்தின் மேலும் கீழும் வெவ்வேறு வெளிச்சம் பதிந்து பட்டை பட்டையாக வரும்.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். துடிப்புக் குறைக்கும் வசதி கேமராவில் இருந்தால் போடுங்கள். கைப்பேசியில் 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் 50க்கு மாற்றுங்கள். மேடையின் எல்இடி விளக்குகள் சில வேறு வேகத்தில் துடிக்கும், அவற்றுக்கு இந்த எண்கள் உதவாது. வேகத்தை ஒவ்வொரு படியாக மாற்றி, பட்டை மறையும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காவடி ஆடுகிறவர் முகம் கலங்கிவிடுகிறது. தீமிதிக் குழி வெறும் சிவப்பு

காவடி சுற்றும்போது 1/250 நொடிக்குக் கீழே போகாதீர்கள், வேகமாக ஆடுபவருக்கு 1/500. அதற்காக ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். குருணையுள்ள படத்தில் பக்தி தெரியும், கலங்கிய முகத்தில் ஒன்றும் தெரியாது. மேலே சொன்ன 1/100 இங்கே எதிராக நிற்கும், ஆகவே பட்டை விழாத இடமாகப் பார்த்து, சீரியல் விளக்குக்கு எதிரே நிற்காமல், தெரு விளக்கின் ஓரமாகவோ பகல் வெளிச்சத்திலோ எடுங்கள்.

தீமிதியில் கங்கு முழுக்கச் சிவப்பு. மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சரியாக இருப்பது போல் தெரியும், சிவப்பு மட்டும் வெடித்திருக்கும். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், −1 வையுங்கள். பத்துமலையின் 42.7 மீட்டர் முருகன் சிலையில் வெயில் நேரே படும்போதும் இதே கதை, அங்கே −0.7 போதும்.

அருள் வந்து நிற்பவர் முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். பூக்குழிக்குப் போகும் வழியில் நிற்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள், பூசாரி உங்களைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டிய நிலையே வராது.

செம்பனைக் காட்டில் எடுத்த படம் எல்லாம் ஒரே மாதிரி

இதற்குக் காரணம் நடவிலேயே இருக்கிறது. செம்பனையைச் சம பக்க முக்கோணமாக, மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு நடுகிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு 140 மரம் போல் வரும். எங்கே நின்றாலும் பக்கத்து மரங்கள் ஒரே தூரத்தில், ஒரே தடிப்பில் தெரிவதால் கண்ணுக்குப் பிடி கிடைப்பதில்லை.

ஆனால் இதே முக்கோணத்தில் ஒரு வரம் இருக்கிறது. ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து நின்று மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். 60 டிகிரிக்கு ஒரு தடவை, மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்து நீண்ட வரிசையாகத் திறக்கும். ஆறு திசையில் ஆறு நடை. அவற்றில் சிலவற்றில் வெட்டிய மட்டையை அடுக்கியிருப்பார்கள், சிலவற்றில் பழம் தூக்கும் பாதை இருக்கும். வெளிச்சம் எந்த நடைக்குள் நீளமாக நுழைகிறது என்று பார்த்து, அதைத் தேர்ந்தெடுங்கள். கேமராவை இடுப்புக்குக் கீழே இறக்கினால் பாதை நீளும். அகலக் கோண லென்ஸைவிட 85 மில்லிமீட்டர் மாதிரி நீண்ட லென்ஸ் மரங்களை நெருக்கிக் காட்டும். அதற்கப்புறம் வரிசையை உடைக்க ஒன்று வேண்டும்: செத்துப்போன மரத்தின் வெற்றிடம், எலிக்காக வளர்க்கும் ஆந்தையின் பெட்டி, அடிமரத்தில் படர்ந்த பெரணி, தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள்.

பழம் வெட்டும் ஆளை எடுக்கும்போது, மரம் எவ்வளவு உயரமோ அதைவிடத் தள்ளி நில்லுங்கள். 20 கிலோ குலையும் முள்ளுள்ள மட்டையும் எந்தப் பக்கம் விழும் என்று வெட்டுபவருக்கே சில சமயம் தெரியாது. பூட்ஸ் போடுங்கள். மட்டை அடுக்கில் கால் வைக்காதீர்கள். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும்.

மின்மினியை எடுத்தேன், கறுப்புத்தான் வந்தது

எங்கள் ஊருக்கும் கோல சிலாங்கூருக்கும் நடுவே, சிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவந்தான். பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னும் இடம். துடுப்புப் போடும் சம்பானில்தான் அழைத்துப் போவார்கள். ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை, டார்ச்சும் அடிக்கக் கூடாது. அந்த வெளிச்சம் பூச்சிகளின் இணை தேடலையே கெடுத்துவிடும்.

சம்பான் ஆடும். முக்காலியைப் படகில் வைத்து 20 நொடி திறந்தால் புள்ளியெல்லாம் கோடாகும், முக்காலியும் சேர்ந்துதானே ஆடுகிறது. படகிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால் எஃப் 1.8 மாதிரி அகலமாகத் திறக்கும் லென்ஸ், ஐஎஸ்ஓ 12800, அரை நொடி என்று பல படம் எடுத்து அதில் ஒன்றைப் பொறுக்கலாம். கரையில் உறுதியான இடம் கிடைத்தால் ஐஎஸ்ஓ 1600, 15 முதல் 30 நொடி. தானியங்கிக் குவியம் (ஆட்டோ ஃபோகஸ்) இருட்டில் வேலை செய்யாது. அந்தி வெளிச்சம் இருக்கும்போதே எதிர்க்கரை மரத்தில் குவியம் வைத்து, கையியக்கத்துக்கு மாற்றி, வளையத்தின் மேல் சின்ன டேப் ஒட்டிவிடுங்கள். கேமராத் திரையின் வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள். நிலா இல்லாத நாளாகப் போங்கள்.

அதே நாளில் பகலில் நேரம் இருந்தால் கோல சிலாங்கூர் மலையான புக்கிட் மெலாவத்தி ஏறுங்கள். அங்கே வெள்ளி முடிக் குரங்குகளின் குட்டி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், தாய் கருஞ்சாம்பல். தாய்க்கு வெளிச்சம் வைத்தால் குட்டி வெளுத்துவிடும். குட்டிக்கு வையுங்கள்.

வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள், உள்ளே போனாலும் ஆட்கள் விறைத்து நிற்கிறார்கள்

தோட்டம் கம்பெனி நிலம். காவலர் நிறுத்துவது அவர் வேலை. முதல் நாள் கேமரா இல்லாமல் ஆபீசுக்குப் போய், என்ன எடுக்கப் போகிறீர்கள், எதற்கு என்று ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். கிராணியிடம் (ஆபீஸ் எழுத்தரிடம்) பேசுங்கள். கிடைத்த அனுமதியைக் காகிதமாகக் கையில் வைத்திருங்கள், காவலர் மாறிக்கொண்டே இருப்பார்.

ஆட்கள் விறைப்பதற்கு மருந்து நேரம் ஒன்றுதான். உட்காருங்கள், கொடுக்கும் தேத்தண்ணீரைக் குடியுங்கள், எந்த வருடம் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள் என்று கேளுங்கள். பால் பிடிக்கும் மங்கு துடைத்த கதை, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் பொறுக்கிய கதை தொடங்கினால் கை தானாக அசையும், கண் தானாகத் திறக்கும். “அம்மா, இப்ப எடுக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்போது எடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

பழைய படம் சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது

லயத்து வீடுகளில் எடுக்கும்போது யாராவது ஒருவர் சுவரிலிருந்து ஒரு சட்டத்தை இறக்கிக் கொண்டுவருவார். “தம்பி, இதக் கொஞ்சம் நல்லா பண்ணித் தர முடியுமா?” தாத்தாவின் ஒரே படம். ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகி, கண்ணாடியோடு பசை போட்டது போல் பிடித்திருக்கும்.

பிரிக்க முயலாதீர்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே படியெடுங்கள். சட்டத்தின் வெளிப்புறத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் தரையில் படுக்கவையுங்கள். கேமரா மேலிருந்து நேர் கீழே பார்க்க வேண்டும், சட்டத்தின் நான்கு ஓரமும் திரையின் ஓரத்தோடு இணையாக இருந்தால் சரி. பிரதிபலிப்பைக் கொல்ல ஒரு பெரிய கறுப்புத் துணியின் நடுவே ஓட்டை போட்டு, லென்ஸை அதன் வழியாக நுழையுங்கள். கேமராவும் நீங்களும் துணிக்குப் பின்னால் மறைந்துவிடுவீர்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, முக்காலி, 2 நொடித் தாமதம். பொறுமையாக ஐந்தாறு எடுங்கள்.

சட்டத்தை அவர் கண்முன்னேயே எடுத்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். கடைக்குக் கொடுத்த சட்டம் திரும்பி வராத வீடுகளை எனக்குத் தெரியும்.

திரையில் நன்றாக இருக்கிறது, அச்சில் இருட்டு

திரை தன்னொளியில் மின்னுகிறது, காகிதம் மின்னாது. திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துப் படத்தைத் திருத்துங்கள். நம் முகங்கள் அச்சில் இன்னும் ஒரு படி இறங்கும் என்பதால், ஒரே முகத்தை மூன்று வெளிச்சத்தில் 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவில் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். கடையில் தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் இயந்திரம் முகத்தை மறுபடி வெளுக்கும். 4ஆருக்கு 1200க்கு 1800 பிக்சல் போதும். ஏ4 என்றால் 2480க்கு 3508. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு அட்டைக் கரை வைக்கச் சொல்லுங்கள். அந்த மெல்லிய இடைவெளி இருந்தால் இந்தப் படம் அந்தத் தாத்தாவின் படம் மாதிரி ஒட்டிக்கொள்ளாது.

அச்சின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும். உறையின் மேல் எழுதி, அதற்கப்புறம் படத்தை உள்ளே போடுங்கள். பெயர், தோட்டம், லயத்து எண், எடுத்த தேதி. எழுத்து அவர்கள் படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.